நாற்பத்திரண்டாவது ஒலி

"என்னை வால விடுங்க" என்றது பழைய கம்ப்யூட்டர்.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன் வால யாரும்மா புடிச்சா?"

கணவனும் மீசைக்குள் சிரித்ததுதான், அதைத் தட்டிப் பேசவைத்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு மாதம். குரல் போனது போனதுதான். துணைக்கென்று வந்த நாத்தனார், பீரோ சாவியில் ஆரம்பித்து இப்போது மகள் மீதே கை வைத்துவிட்டாள். "வாய் பேச முடியாதவ பிள்ளைய எப்படி வளர்ப்பா? ஞாயித்துக்கெளம என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

கணவன் வாய் இருந்தும் பேசவில்லை.

தட்டியதைப் படித்துச் சொல்லும் செல்போன் குரல் யாரோ சின்னப் பெண் கெஞ்சுவதுபோல் இருந்தது. கணினி படித்த கல்லூரி நாளில் வாங்கிய இந்தப் பெட்டியின் கரகரப்புத்தான் சண்டைக்கு லாயக்கு. ஆனால் அதன் பேசும் மென்பொருள் ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்டது. ஒலி ஒலியாகத் தட்டினால் தமிழையும் தட்டுத்தடுமாறிச் சொல்லும். மொத்தம் நாற்பத்தோரு ஒலிகள். அதில் 'ழ' இல்லை.

மூன்று நாள் அந்த மென்பொருளை எண் எண்ணாகப் பிரித்து மேய்ந்தாள். நாலாம் நாள் ஒலிப்பட்டியல் சிக்கியது. ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று அதிர்வெண்கள். மூன்றாவதை நன்றாக இறக்கியதும், நாக்கே இல்லாத பெட்டி 'ழ' சொல்ல நாக்கை மடித்தது.

சேர்க்கத்தான் இடமில்லை. தொடங்கும்போது பணிவாக நல்வரவு சொல்லும் வரியை அழித்துவிட்டு அங்கே 'ழ'வை வைத்தாள். இந்த வீட்டில் நல்வரவுக்கு இப்போது என்ன வேலை?

ஞாயிறு காலை நாத்தனார் மகளின் சூட்கேஸோடு வந்தபோது, வாசலை அடைத்து மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர்.

"வளிய விடுடி!"

"குழந்தை வராது, அண்ணி. நீங்க மட்டும் கிளம்புங்க. வழி விடுறேன்" என்றது பெட்டி.

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"வாயே போயிடுச்சு, கொளுப்பு மட்டும் போகல பாரு!"

நிதானமாகத் தட்டினாள்.

"கொழுப்பு" என்று திருத்தியது பெட்டி.

மகள் களுக்கென்று சிரித்தாள். "அத்தை, உங்களவிட அது நல்லா சொல்லுது!"

கணவன் எழுந்து, அக்காவின் கையிலிருந்த சூட்கேஸை வாங்கி, தலைகுனிந்தபடி மகளின் அறைக்குத் தூக்கிப் போனான்.

அவள் அவனையும் விடவில்லை. அவன் முதுகைப் பார்த்துத் தட்டினாள்.

"என்னை வாழ விடுங்க."