லிட்டருக்கு ஐந்து சொல்

எங்கள் தெருவின் குடிநீரில் பக்கத்துத் தெருக்காரர்களின் பேச்சு கலந்து வருகிறது. முதலில் சாக்கடை வாடை வரும். அப்புறம் பேச்சு வரும். வாடை, கொதிக்க வைத்தால் போய்விடும்.

காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதற்குள்தான் இரண்டு தெருவின் குடிநீர்க் குழாய்களும் ஒட்டிப் படுத்திருக்கின்றன. எங்கேயோ ஓட்டை. வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் விடுவார்கள். விட்டதும் வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுவோம். மாட்டக் கூடாது என்று நகராட்சி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போகும். எதிர்வீட்டில் மாட்டுகிறார்கள், நான் மாட்டாவிட்டால் எனக்குத் தண்ணீர் ஏது? உறிஞ்சுகிற வேகத்தில் ஓட்டை வழியாகச் சாக்கடையும் வந்துவிடும். சாக்கடையோடு அந்தத் தெருவில் பேசியதெல்லாம் வரும்.

குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவோம். புழுவும் கெட்ட வார்த்தையும் அதில் நின்றுவிடும். துணியை அவிழ்த்துப் பிள்ளைகள் இல்லாத பக்கமாகப் போய் உதற வேண்டும். மற்ற பேச்செல்லாம் குடத்துக்குள் இறங்கிவிடும். அதைக் குடிப்பவர் பேசுவார்.

இதைப் பற்றி நகராட்சியில் புகார் கொடுத்தவள் நான்தான். தெருவில் வேறு யாருக்கும் அந்தத் துப்பு இல்லை.

அது என் வீட்டுக்காரரின் பேச்சு நிற்பதற்கு முன்னால். அவர் பெயர் குப்புராஜ். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆடி மாதம் ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொண்டை நல்லா இருக்குதுங்கம்மா. பேச்சுதான் இல்ல."

"எங்கீங்க போச்சு?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லீங்க."

நோயாளி என்பதால் அவருக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினேன். வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. நான் ஒருத்தியே கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, சண்டையும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேன் வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

நான் உள்ளே போனேன். அடுப்பங்கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதோடு கேன் தண்ணீரை நிறுத்திவிட்டேன். அவர் பக்கத்துத் தெரு பஸ் கண்டக்டர் ஒருவரின் பேச்சைப் பேசினார். இட்லி வைத்தால் "ரைட், போலாம்" என்பார். படுக்கப் போகும்போது, "ஏ சுலோ, கேட்டப் பூட்டுனியா?" என்பார்.

"பூட்டிட்டேனுங்க" என்பேன்.

என் பெயர் தெய்வானை. எங்கள் வீட்டில் கேட்டே கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கேட்பதற்கு ஒரு குரல் இருக்கிறதே! அந்தச் சுலோ யாரென்று தெரியாது. அவள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அப்போது பார்த்துத்தான் நகராட்சி என் புகாரைக் கையில் எடுத்தது.

பக்கத்து வீட்டுத் தவமணிதான் சொன்னாள். தவமணி மற்ற நாட்களில் ட்யூஷன் எடுப்பாள். தண்ணீர் விடுகிற நாளில் சிமெண்ட் தொட்டியாகிவிடுவாள். அவர்கள் வீட்டில் தொட்டி கட்ட இடம் இல்லை. அன்று மூடியை லேசாகத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க புகாருக்கு ஆளு வர்றாங்களாமா. ஓட்டைய அடைக்கப் போறாங்க. தெருவே உங்களுக்குக் கும்பிடு போடுது."

"அய்யய்யோ!" என்றேன்.

"ஏனுங்க்கா அப்படிச் சொல்றீங்க? குழந்தைங்க பூரா வயித்தால போயிட்டுக் கெடக்குது. ட்யூஷன் பசங்ககிட்டக் கணக்குக் கேட்டா, சில்லறையாக் குடுங்கன்னுதுங்க."

அவள் சொல்வது நியாயம். அவள் பெண்ணே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவள். எனக்கு நியாயம் பிடிக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்குவது என்று கிளம்பினேன்.

நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. தாகமாக இருந்தால் தாழ்வாரம் நீளும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நடந்தேன். கதவுகள் தீர்ந்து வெறும் சுவர் வந்தது. அப்புறம் சுவரும் தீர்ந்து ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்தேன். தாழ்வாரம் சட்டென்று சுருங்கி, டம்ளரும் கையுமாக என்ஜினியரின் மேஜை முன்னால் நின்றேன்.

அவர் ஒரு பாட்டில் தண்ணீரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தெருத் தண்ணிதானுங்க. லிட்டருக்கு அஞ்சு சொல் வரைக்கும் இருக்கலாம். இதுல எண்ணி முடியல."

"புகார வாபஸ் வாங்க வந்தேனுங்க."

"வாங்கலாமே. எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"அதேதான்."

"அப்ப வாபஸ் வாங்கறது நீங்களா, தண்ணியான்னு எப்படிங்க தெரியும்? ஓட்டைய அடைச்சு, நல்ல தண்ணி குடிச்சிட்டு வாங்க. அப்ப வாபஸ் வாங்கிக்கலாம்."

அடைத்த பிறகு வாபஸ் வாங்கி நான் எதைச் செய்ய? அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். என்ஜினியர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல மனிதர்.

"அம்மா, ஓட்டைன்னா ரெண்டு பக்கமும் ஓட்டைதானுங்களே. உங்க மோட்டார் ஓடுனா அங்கிருந்து இங்க வரும். அவங்க மோட்டார் ஓடுனா?"

நான் கண்ணைத் துடைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் பேச்சு எங்கயும் போயிருக்காதுங்க. அந்தத் தெருவுல யாராச்சும் பேசிட்டிருப்பாங்க. நாளைக்குக் காலைல அடைச்சிருவோம். அதுக்குள்ள போய்ப் பாருங்க."

அவருக்கு எத்தனை கும்பிடு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் தெருத் தண்ணீரை ஒரு குடத்தில் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினேன். ஒரே எட்டுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தாண்டியதில்லை. யாரும் தாண்டுவதில்லை. அந்தத் தெருவில் கேட் வைத்த வீடு ஒன்றே ஒன்று இருந்தது. பூட்டியிருந்தது. தட்டினேன்.

கையில் கரண்டியோடு ஒரு பெண் வந்தாள்.

"சுலோவுங்களா?"

"சுலோச்சனா. நீங்க?"

"தெய்வானைங்க."

கரண்டி கீழே விழுந்தது. "நீங்களா! வாங்க, வாங்க. அவரு நாள் முழுக்க உங்களத்தானுங்க கூப்பிடறாரு."

உள்ளே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் தோல் பை. என்னைப் பார்த்ததும், "ஒரு இஞ்ச் விட்டு வெட்டு. தொவச்சா சுருங்கும்" என்றார். குரல் யாருடையதோ. சொல் என்னுடைய ஆளுடையது.

"இப்படியே வேலைக்குப் போறாருங்களா?"

"போறாரு. பஸ்ஸுல ஏறுறவங்களுக்கு அளவு எடுக்கறாரு. யாரும் குத்தம் சொல்லல." சுலோச்சனா எனக்கு நாற்காலி போட்டாள். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுசனுங்க. ரசம் வெச்சா, உன் கை ருசி யாருக்கும் வராது புள்ளங்கறாரு. எங்க வீட்டுக்காரர் இத்தன வருசத்துல ஒரு வாட்டி அப்படிச் சொன்னதில்ல."

என்னிடமும் சொன்னதில்லை. சுருக்கென்றது. என் ரசத்துக்கு வரவேண்டியதை இவள் நின்று வாங்கியிருக்கிறாள்! எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெய்வானைகிட்டச் சொல்றனுங்கன்னேன். எனக்குன்னு சொல்லலியே. நான் எப்படி எடுத்துக்கறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க நல்லா இருக்கோணும்" என்றேன்.

நாளைக் காலையில் அடைக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என் குடத்தைப் பார்த்தாள். குடத்துக்குள் அவள் கணவரின் பேச்சு யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து போய்த் தன் குடத்தை எடுத்து வந்தாள். வைத்துவிட்டு அதன் கழுத்தை விடவில்லை.

"ஒரே ஒரு டம்ளர் மட்டும் நான் வெச்சுக்கட்டுங்களா?"

அந்த ஒரு டம்ளரில் எந்தச் சொல் போகும் என்று யாருக்குத் தெரியும்? என் பெயரே போய்விட்டால்?

"வெச்சுக்குங்க" என்றேன்.

பாதி டம்ளர்தான் எடுத்தாள். குடங்களை மாற்றிக்கொண்டோம்.

அன்று அவருக்குக் கொடுக்கவில்லை. அடைக்கும் முன்னால் கொடுத்தால் மறுபடி ஒழுகிப் போய்விடும். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, குடத்தில் திரும்ப ஊற்றி, தட்டைப் போட்டு மூடி வைத்தேன். காய்ச்சும்போது அடுப்படியில் முணுமுணுவென்று சத்தம். காதைக் கொடுக்கவில்லை. அது அவர் வாயால் வரட்டும்.

காலையில் அடைத்தார்கள். எல்லோரையும் மோட்டாரைக் கழற்றச் சொன்னார்கள். அதிசயமாகக் கழற்றினோம். தண்ணீர் மெலிதாக, கண்ணாடி மாதிரி வந்தது. தவமணியை எட்டிப் பார்த்தால் அடி வரை தெரிந்தது. அவள் பெண் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாய்ப்பாட்டைச் சொன்னாள். தெருவே எனக்கு மாலை போட்டது. நானும் நன்றி சொன்னேன். வாய் வார்த்தைக்கு இல்லை, மனசாரத்தான்.

என்ஜினியர் வீடு வீடாகப் போய்ப் பழைய தண்ணீரைக் கொட்டச் சொன்னார். என் குடத்தில் காதை வைத்தார். முகம் மாறியது.

"இதுல ஒரே ஆளு பேசறாருங்களே. அளவுக்கு ரொம்ப மேல."

"எங்க வீட்டுக்காரருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தட்டை எடுத்துக் குடத்தை அவரே மூடினார்.

"அஞ்சு சொல்லுங்கறது அடுத்தவங்க பேச்சுக்குத்தானுங்கம்மா. சொந்தப் பேச்சுக்கு அளவு போடல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்புள்ள தெய்வான, இத்தன நாளா எங்க போயிருந்தே?"

"பக்கத்துத் தெருவுக்குத்தானுங்க" என்று சொல்லி இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.