மாடு தின்ற தட்டு

ஏம்பலம் பக்கத்தில் மரவள்ளி மாவில் தட்டு செய்யும் கம்பெனியில் செலின் மேரிக்கு ஓரம் வெட்டும் வேலை. கரைத்த மாவைச் சூடான அச்சில் ஊற்றி மூடினால், உள்ளேயிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவைப் பொரிய வைக்கும். திறந்தால் தெர்மாகோல் போல லேசான வெள்ளைத் தட்டு. மழையில் கிடந்தால் இரண்டே நாளில் கூழாகிவிடும்.

வெட்டிய ஓரங்களையும் உடைசல் தட்டுகளையும் பையில் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு அமுதத்தின் பசுவுக்குப் போடுவாள்.

"வெறும் கெழங்கு மாவுதான்க்கா. பயப்படாத," என்று முதல் நாள் ஒரு துண்டைத் தானே மென்று காட்டினாள். அமுதம் நம்பினாள். பசுவும் ருசி கண்டுகொண்டது.

மார்கழியில் அச்சுகள் நின்றன. வெளியூர் லாரியில் மூட்டை மூட்டையாகத் தட்டுகள் வந்து இறங்கின. அவற்றில் கம்பெனியின் பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் இனி வேலை. "புது ஃபார்முலா," என்றார் முதலாளி ராஜ்மோகன். விரலால் தேய்த்தால் கிரீச்சிட்டது. செலின் ஒரு துண்டைக் கிள்ளி டீயில் போட்டாள். டீ ஆறி ஆடை கட்டியது. துண்டு கரையாமல் அப்படியே மிதந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. உடைசல் கொண்டுவருவதை மட்டும் நிறுத்தினாள்.

"இன்னா செலினு, மாட்டுக்கு ஒன்னும் காணோம்?"

"இப்ப உடைசலே வர்றதில்லக்கா."

தை மாதம் ஊரில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து குவிந்த தட்டுகளில் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்த அமுதம், ஒரு சாக்கு நிறைய அள்ளிவந்தாள். சாம்பார் ஊறிய தட்டுகளைப் பசு ஆசையாகத் தின்றது.

மூன்றாம் நாள் அசை போடுவதை நிறுத்தியது. வயிறு உப்பியது. ஊசி போட்டும் பிழைக்கவில்லை. கால்நடை டாக்டர் வயிற்றைக் கிழித்தபோது, வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. இரண்டு மாதக் கன்று கொட்டகையில் கத்திக்கொண்டிருந்தது.

செலின் நேரே முதலாளியிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"மாட்டுக்குப் போடுன்னு ஸ்டிக்கர்ல எழுதியிருக்கா? போடலாம்னு சொன்னது நீதானம்மா," என்றார் ராஜ்மோகன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் அமுதத்தின் வாசலில் போய் நின்றாள்.

"அது மாவு இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. வேல பூடும்னு பயந்துட்டேன்."

அமுதம் அழுது ஓய்ந்திருந்தாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"போடாதக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. ஏன்னுகூட நான் கேட்டிருக்க மாட்டேனே."

செலின் அடுத்த நாளே வேலையை விட்டாள். அவள் இடத்துக்கு அன்றைக்கே வேறொருத்தி வந்தாள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில், தட்டைப் பற்றி செலின் கொடுத்த மனுவை வாங்கிச் சீல் போட்டார்கள். அதோடு சரி. தட்டு லாரி வழக்கம்போல வந்துபோனது.

அமுதம் பாக்கெட் பால் வாங்கி, கன்றுக்குப் புட்டியில் ஊட்டினாள். அதையாவது நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல, வேலி வரை போன செலினுக்கு வாய் வரவில்லை. அமுதமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.