இரண்டு பக்கமும் ஊசி

இன்னொரு தடவை இவர் என்னை ‘நம்ம மலைப் பொண்ணு’ என்று சொன்னால், ஓடுகிற காரின் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். மூன்று வருடமாக ‘எஸ்டேட்’ என்று கூப்பிட்ட வாய் இது. ‘எஸ்டேட், அந்த எக்ஸ்ரேவை எடு.’ ‘என்ன எஸ்டேட், சேலம் வெயில்ல இன்னும் கரையலையா?’ எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இன்றைக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து மட்டும் நான் நம்ம பொண்ணு.

பிரிஸ்கில்லா இதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விடவில்லை. பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஜீவானந்தத்தின் மேல் சாய்ந்துவிடாமல் முன் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் போய்ப் பேசினா அந்தக் கொழந்தையோட அம்மா பயந்துக்கும்,” என்றார் அவர். “நம்ம மலைப் பொண்ணு நீ பேசினா கேட்டுக்கும். அஞ்சு நிமிஷ வேலை.”

அவள் கதவைத் திறக்கவில்லை. “சரிங்க சார்,” என்றாள்.

அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அதற்குள் ஒற்றைத் தாள், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவம். குழந்தைக்குச் செய்யப்போகும் சிகிச்சை எனக்கு என் மொழியில் விளக்கப்பட்டது, சிகிச்சைக்குப் பிறகு குழந்தையை எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது, நான் சம்மதிக்கிறேன். கீழே போன செவ்வாய்க்கிழமைத் தேதி. இன்றைக்குச் சனிக்கிழமை. தாயின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவ மேற்படிப்பில் அவள் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதத்தில் இறுதித் தேர்வு. அதற்கு முன்னால் லாக்புக் நிரம்ப வேண்டும்: இத்தனை பால் பல்லுக்கு வேர் சிகிச்சை, இத்தனை பல்லுக்கு உலோக உறை. அவளுடைய லாக்புக்கில் ஏழு குறைந்தது. கல்லூரிக்கு வருகிற குழந்தைகளைப் பங்கு போட்டுக்கொள்ள ஆறு பேர் இருந்தார்கள். கிடைக்காத குழந்தைகளைத் தேடித்தான் செவ்வாய்க்கிழமை மொபைல் வேன் மலையேறியது. சேர்வராயன் கோயிலைத் தாண்டி, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு. பேனரில் ‘இலவசப் பல் மருத்துவ முகாம்’ என்று போட்டிருந்தது. பொய்யில்லை. இலவசம்தான்.

இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே தாளில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காப்பிப் பழம் பறிக்கிற பருவம், பெற்றோர் யாரும் ஊரில் இல்லை. அதுவும் பொய்யில்லை.

பதினேழாவதாக வந்தவள் கவியா. ஆறு வயது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் சொத்தை. கீழ்த்தாடையில் ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்துக் கிடக்கும், கடித்தாலும் தெரியாது. அதனால் சிறு குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமும் போடுவதில்லை. முதல் வருடத்தின் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். சொன்னவரே ஜீவானந்தம்தான்.

“சார், இடது பக்கம் அடுத்த வாரம் பண்ணிடலாமா?” என்று அவள் கேட்டாள்.

“அடுத்த வாரம் இருபது வளைவு யாரு ஏறுறது, உங்கப்பாவா? ரெண்டு பக்கமும் போட்டு முடி. உனக்குத்தானே ரெண்டு கேஸ்.”

அவள் போட்டாள். அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தபோது தனக்குள் ஏதோ ஒன்று வேகமாகக் கணக்குப் போட்டு, ஏழில் இரண்டு போனால் ஐந்து என்று நிம்மதி அடைந்ததை நான்கு நாளாக அவளால் மறக்க முடியவில்லை. அவர்மேல் வருகிற கோபம் எல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் திரும்பி அவளையே கடித்தது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியதும் டிரைவர் ஹாரன் அடித்தார். சாமான்களை அள்ளிப் போட்டார்கள். கவியாவின் சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினாள். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சு வைக்கவில்லை. பெரியவர் யாரிடமும், உணர்வு திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவளுக்கு அது ஞாபகம் வந்தது. தலைமையாசிரியரின் எண் ஃபைலில் இருந்தது. இனிமேல் போன் செய்து என்ன ஆகப்போகிறது என்று டீயைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரின் கடிதம் கல்லூரிக்கு வந்தது. கூடவே உதட்டின் படம். பெற்றோரின் ஒப்புதல் எங்கே என்று டீன் கேட்டார். இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று ஜீவானந்தம் சொல்லிவிட்டார்.

மலையேறியதும் ஒண்டிக்கடை முக்கில் ஜீவானந்தம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெறுங்கையோடு போகக் கூடாதாம். ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு வாங்கி வந்தார். பிரிஸ்கில்லா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருடமாகக் குழந்தைகளின் வாயைப் பார்க்கிறவர், உதடு கிழிந்த குழந்தைக்குப் புளிப்புப் பழம் வாங்குகிறார். இதைப் போய் யாரிடம் சொல்லிச் சிரிப்பது? பற்கள் கூசும் அளவுக்குத் தாடையை இறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

கவியாவின் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் காப்பிக்கொட்டை காயவைத்திருந்தார்கள். கவியாவின் அம்மா மலர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். காரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பிரிஸ்கில்லாவைப் பார்த்ததும் கொஞ்சம் விரிந்தது.

“அட, ஸ்தனிஸ்லாஸ் ரைட்டரய்யா மவளுங்களா? எங்க எஸ்டேட்டுல கணக்கு எழுதிட்டு இருந்தாருங்களே. வாங்க பாப்பா, உள்ள வாங்க. ஊடு கெடக்கறதப் பாக்காதீங்க.”

“கவியா எங்கீங்க்கா?”

“அதா, கதவுக்குப் பொறத்தால. நாலு நாளா யாரு வந்தாலும் ஒளிஞ்சுக்குது. வா கண்ணு, டாக்டரக்கா வந்திருக்காங்க.”

கவியா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தாள். பிரிஸ்கில்லா தரையில் உட்கார்ந்தாள். துண்டை அவள் எடுக்கவில்லை. குழந்தையாகவே எடுக்கட்டும் என்று காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. துண்டு இறங்கியது.

கீழ் உதடு கட்டைவிரல் பருமனுக்கு வீங்கித் தொங்கியது. உள்பக்கம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் படலம். ஓரத்தில் பல் பதிந்த தடங்கள்.

“சீழ் பிடிச்சுக்கிச்சுங்களா?” மலரின் குரல் தாழ்ந்தது.

“சீழ் இல்லீங்க்கா. ஆறும்போது அப்படித்தான் வெள்ளையாத் தெரியும். இன்னும் பத்து நாள்ல சரியாயிரும். காரம், புளிப்பு குடுக்காதீங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணி வச்சு ஒத்திக் குடுங்க.”

ஜீவானந்தம் ஆரஞ்சுப் பையை மெதுவாகக் காலுக்குப் பின்னால் நகர்த்தினார்.

“நொம்ப பயந்துட்டேனுங்க,” என்றாள் மலர். “கஞ்சித் தண்ணிதான் எறங்குது. ஸ்பூன் பட்டாலே அலறுது. அன்னிக்கு நான் வேலை முடிச்சு வர்றேன், வாயெல்லாம் ரத்தமா நிக்குதுங்க. எங்கயோ மரத்துல ஏறி விழுந்துட்டுப் பொய் சொல்லுதுன்னு ரெண்டு அடி வேற வச்சுப்புட்டேன்.” அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “கேட்டா, நானேதான் கடிச்சேங்குது. எந்தப் புள்ளயாச்சும் தன்னோட வாயத் தானே கடிச்சுத் திங்குமுங்களா?”

“ஏன் சாமி கடிச்ச?” என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

குழந்தை அவளைக் குற்றம் சாட்டுகிற மாதிரிப் பார்த்தது. வார்த்தைகள் வீக்கத்தில் மோதிக் குழறி வந்தன. “நீங்கதான் உதடு தூங்குதுன்னு சொன்னீங்க. நான் எழுப்பினேன். கடிச்சுக் கடிச்சுப் பாத்தேன். எந்திரிக்கவே இல்ல.”

ஊசி என்று சொல்லக் கூடாது, மருந்து என்று சொல்லக் கூடாது, உதடு தூங்கப்போகிறது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை எப்போதும் அழகாகச் சொல்வாள் என்று பெயரும் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க இந்தக் குழந்தை தனியாக, தூங்குகிற தன் உதட்டை எழுப்பிக்கொண்டே நடந்திருக்கிறது.

ஜீவானந்தம் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியா! என்ன புத்திசாலிக் கொழந்தை! அம்மா, உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா.”

யாரும் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒண்ணுமில்லம்மா, ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் விட்டுப்போச்சு. ஒரு கையெழுத்துதான். கவியாவுக்கு மீதி ட்ரீட்மென்ட் எல்லாம் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்.”

“ஏனுங்க, இதுவும் ஃப்ரீதானுங்களே,” என்றாள் மலர், குழந்தையின் உதட்டைக் காட்டி.

அவர் முகம் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மலரின் கையில் கொடுத்தார். “எடும்மா பிரிஸ்கில்லா.”

பிரிஸ்கில்லா ஃபைலைத் திறந்து தாளை எடுத்தாள். மலர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறேனுங்க. தமிழா இருந்தாப் படிச்சுருவேன், இது இங்கிலீசு. பாப்பா, நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். போடச் சொன்னீங்கன்னாப் போட்டுர்றேன்.”

“சுருக்கமாச் சொல்லு, போதும்,” என்றார் ஜீவானந்தம்.

பிரிஸ்கில்லா சுருக்கவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை என்ற இடம் வந்ததும் மலர் நிமிர்ந்தாள்.

“செவ்வாக்கெழம நான் காப்பி பறிக்கப் போயிட்டேனுங்களே. எங்கிட்ட ஆருமே ஒண்ணுஞ் சொல்லலீங்களே.”

“அது சும்மா ஒரு தேதிம்மா,” என்றார் அவர். பிறகு பிரிஸ்கில்லாவைப் பார்த்து, “ஒரு நிமிஷம் வெளிய வா.”

தார்ப்பாயின் ஓரத்தில் நின்று, வீட்டுக்குள் கேட்காத குரலில் பேசினார். காய்கிற கொட்டைகள் சில அவருடைய ஷூவுக்கு அடியில் நொறுங்கின. அவர் கவனிக்கவில்லை.

“என்ன, நாடகமா? கேஸ் ஷீட்டுல யாரு பேர் இருக்கு? உன் பேரு. ஊசி போட்டது யாரு? நீ. நான் சூப்பர்வைசர். விசாரணைன்னு வந்தா முதல்ல நிக்கப்போறது நீதான். உன்னைக் காப்பாத்தத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”

“ரெண்டு பக்கமும் போடச் சொன்னது நீங்கதானே சார்.”

“எழுதி இருக்கா?” அவர் கையை விரித்துக் காட்டினார். “தீசிஸ்ல இன்னும் என் கையெழுத்து விழலை. லாக்புக்லயும் விழலை. உங்கப்பா என்ன பாடுபட்டுப் படிக்க வச்சார்னு எனக்குத் தெரியும். மூணு வருஷத்தை இந்த வாசல்ல கொட்டிட்டுப் போகாத. போய் வாங்கிட்டு வா.”

அவர் சொன்னதில் பெரும்பாலும் உண்மைதான் என்பதே அவளை அதிகம் எரிய வைத்தது. ஊசியைப் பிடித்தது அவள் கை. அந்தத் தாளில் மலரின் கையெழுத்து விழுந்தால், அந்தக் கை தப்பித்துவிடும். எல்லாம் சொல்லி அனுப்பினோம், தாய்தான் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். ஏற்கனவே ஒன்றும் தெரியாமல் பிள்ளையை அடித்தவள் மலர். இனி அந்த உதட்டுக்கும் அவளே பொறுப்பு என்று அவள் கையாலேயே எழுதி வாங்க வேண்டும். அதுவும் அவளுடைய பேச்சிலேயே, அக்கா என்று கூப்பிட்டு.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஆரஞ்சுப் பையை எடுத்து அவர் சட்டையில் பிழிய வேண்டும் போலிருந்தது. மூன்று வருடத்துக்கான வசைகள் எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. உள்ளே கவியா அம்மாவின் மடியில் தலை வைத்து, திறந்த கதவு வழியாக இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் உயர்ந்தால் அந்தக் குழந்தை மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விடும்.

பிரிஸ்கில்லா உள்ளே போனாள். மலர் தாளைத் தரையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, எந்த இடம் என்று காட்டச் சொல்லிக் காத்திருந்தாள்.

“இங்கீங்களா பாப்பா?”

“வேண்டாங்க்கா,” என்றாள் பிரிஸ்கில்லா. “நீங்க இதுல கையெழுத்துப் போட வேண்டாம். உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலை. சொல்லியிருக்க வேண்டியது நான்.”

வாசலில் அவருடைய நிழல் விழுந்தது. “பிரிஸ்கில்லா, என்ன சொல்லிட்டு இருக்க? வாங்கிட்டு வா, நேரமாச்சு.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பயந்த குழந்தைகளிடம் பேசுகிறபோது வருகிற அதே தணிந்த குரல்தான் வந்தது.

“நான் வாங்கித் தர மாட்டேங்க சார்.”