ஆசிரியர் பெயர் சொல்லும் நேரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பாரிஸில், ஒரு நாடக இடைவேளையில். பக்கத்து இருக்கை அம்மாள் சொன்னார்: அந்தக் காலத்தில் புது நாடகத்தின் முதல் நாளன்று, எழுதியவர் பெயரைக் கடைசிவரை மூடி வைப்பார்களாம். முடிந்த பிறகு நடித்தவர்களில் ஒருவர் முன்னால் வந்து அறிவிப்பாராம். அதன்பின் மேடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதக் கை அப்படிப் பரபரத்தது!

(என் கதைகள் ‘வேணுகோபன்’ என்ற பெயரில்தான் பத்திரிகைகளுக்குப் போகின்றன. ஆண் பெயர் என்றால் கேள்வி வராது. அது கிடக்கட்டும்.)

2

“1880. பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடிகை லெயோனி வாசேர் பச்சைப் பட்டு உடுத்தி...”

அடித்துவிட்டேன். பச்சை உடுத்திக்கொண்டு எந்தப் பிரெஞ்சு நடிகை மேடையேறுவாள்? அது மேடைக்கு ஆகாத நிறம், நாடகம் விளங்காது என்று சண்டைக்கு வருவாள். பழுப்பு நிறமே இருக்கட்டும்.

இன்றைய நாடகத்தை எழுதியவளே லெயோனிதான். அது மூன்று பேருக்குத்தான் தெரியும். பெயரை அறிவிக்க வேண்டியவளும் அவள்தான்.

3

கடைசி அங்கத்துக்கு முன், கொட்டகை முதலாளி கர்னோ ஒப்பனை அறைக்கு ஓடி வந்தார்.

“கொட்டகையே அதிருது லெயோனி! முடிஞ்சதும் மறக்காம ‘முசியே தெல்மா’ன்னு சொல்லிடும்மா.”

“அப்படி ஒரு ஆளே கிடையாதே, முசியே.”

“நல்லதாப் போச்சு, வந்து பங்கு கேக்கமாட்டான். பொம்பள எழுதினதுன்னு தெரிஞ்சா பத்திரிகைக்காரன் கிழிச்சுத் தொங்கவிடுவான். அப்புறம் நான் உனக்குக் கார்னேஷன்தான் அனுப்பணும்.”

(முதலாளியிடமிருந்து நடிகைக்கு ரோஜாப்பூ வந்தால் வேலை தொடரும். கார்னேஷன் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.)

லெயோனியின் உடுப்புக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த பணிப்பெண் செலி நிமிர்ந்தாள். “வரட்டும் மதாம், குவளையில போட்டு வைக்கிறேன். உங்க விரல் மையைத் துடைச்சுத் துடைச்சு என் கைதான் தேஞ்சுது. தெல்மாவா வந்து துடைச்சான்?”

கர்னோவை வில்லனாக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஒத்திகையில் தேம்பித் தேம்பி அழுத மனுஷர் அவர்.

4

ஒரு முடிவு: “தெல்மா” என்கிறாள். ரோஜா வருகிறது. செலி அவளோடு பேசுவதை...

இன்னொன்று: தன் பெயரையே சொல்கிறாள். மேல் மாடம் ஆர்ப்பரிக்கிறது, கீழே சீமான்கள் எழுந்து...

இரண்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் நானே முடிவு செய்கிறேன், அவளை யார் கேட்டார்கள்?

5

நாடகம் முடிந்துவிட்டது. “ஆசிரியர்! ஆசிரியர்!” என்று காது கிழிகிறது. லெயோனி முன்னால் வருகிறாள்.

“பெரியோர்களே, உங்கள் முன் நாங்கள் நடித்த இந்த நாடகத்தை எழுதியவர்...”

நிறுத்திவிட்டாள். ஓரத்தில் கர்னோ கைகூப்பி நிற்கிறார். அவளோ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள்.

“என்னைச் சொல்லச் சொல்றியே, நீ உன் பேரைப் போட்டுட்டியா?”

தலைப்புக்குக் கீழே பாருங்கள். வேணுகோபனை அடித்துவிட்டேன். ஆனால் அந்த இடம் இன்னும் காலிதான்.

கொட்டகை கத்துகிறது. நீங்களும் சேர்ந்து கத்துங்களேன். சத்தம் போதாவிட்டால் பெயரைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வராது.