ஹாபுவின் அடியில் ஒரு தட்டு

...இல்லை, தட்டு காய்ந்துதான் இருக்க வேண்டும், இன்றைக்கு மட்டுமாவது, தீயணைப்பு அலுவலகத்துப் பெண் வந்து குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற வரைக்குமாவது, அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்த மனிதரைக் கண்ணைவிட்டு அகல விடக் கூடாது, இதோ எதிரில் உட்கார்ந்து முட்டையின் மேல் மிளகாய்ச் சாஸை ஊற்றிக்கொண்டிருக்கிறாரே, டெல்மர், எண்பத்தாறு வயது, சட்டைப் பையில் கண் மருந்துக் குப்பி. அந்தக் குப்பி. வெள்ளை பிளாஸ்டிக், நீல மூடி... அதில் இருப்பது கண் மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். "என்ன நடீன், விடிஞ்சும் விடியாம வந்து கதவைத் தட்டி டிபன் வாங்கித் தர்றே? ஒண்ணு, நான் சாகப்போறேன்னு டாக்டர் உங்கிட்ட சொல்லியிருக்கணும், இல்லைன்னா நீ என்னைக் கல்யாணம் பண்ணிக்கப் போறே" என்கிறார், காப்பி ஊற்றுகிற பெண்ணுக்கும் கேட்கும்படி. அவள் சிரிக்கிறாள், "நல்ல எடம் மேடம், விட்டுடாதீங்க" என்கிறாள். "உங்க வண்டி பிரேக் சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் ஏத்திக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன் நான். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. எழுபத்து மூன்று வயதில் பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று யார் நினைத்தார்கள்?

ஒழுங்காக யோசி நடீன், வரிசையாக யோசி, காரை ஓட்டிக்கொண்டே யோசிக்கலாம், பீச் பழத் தோப்புகளைத் தாண்டினால் நேர் ரோடுதான், இவரும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். முதல் விஷயம், அருங்காட்சியகக் கூடத்தின் நடுவில் அந்தக் கறுப்பு விமானம் நிற்கிறது, அதன் காலத்தில் அதைவிட வேகமாய்ப் பறந்து வேவு பார்த்தது வேறெதுவும் இல்லை, இப்போது ஓய்வு பெற்று எங்களைப் போலவே ஒரே இடத்தில் நிற்கிறது, ஒகினாவாவில் இருந்தபோது அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பாம்பின் பெயரை வைத்து ஹாபு என்று கூப்பிட்டார்களாம், அங்கே அதற்கு மெக்கானிக்காக இருந்த டெல்மருக்கு இன்றும் அது ஹாபுதான். இரண்டாவது, அதன் வயிற்றுக்குக் கீழே தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு. மூன்றாவது, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி, அதில் டெல்மர், அவரைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். "தரையில நிக்கும்போது இவ ஒழுகுவா, ஏன் தெரியுமா? தகடுங்களுக்கு நடுவுல இடைவெளி விட்டுத்தான் செஞ்சாங்க. மேல போயி, வேகம் எடுத்து, உடம்பு கொதிச்சு, இரும்பைவிட கெட்டியான அந்தத் தகடெல்லாம் உப்பி ஒண்ணோட ஒண்ணு இறுகும்போதுதான் ஒழுகறது நிக்கும். ஓடும்போதுதான் இவ முழுசா இருப்பா, நின்னா ஒழுகுவா. இப்பக்கூட ஒழுகறா, குனிஞ்சு பாருங்கடா!" பிள்ளைகள் குனிவார்கள், தட்டில் ஒரு சொட்டு மினுங்கும், அந்த வாய்கள் திறக்கிற அழகு... எத்தனை வருடமாய்ப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. ஆனால் அந்தச் சொட்டு பொய். வயிற்றிலிருந்த எரிபொருளைக் காலி செய்து காயவைத்த பிறகுதான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். போன குளிர்காலத்தில் கூட்டமில்லாத ஒரு காலையில் நான் குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தேன், சும்மா பார்க்கவில்லை, என் தொழில் கண்ணால் பார்த்தேன். ஆள் உயரத்திலிருந்து விழுந்த சொட்டு தெறிக்கும், சுற்றிலும் பொடிப்பொடியாய்ச் சிதறும். இதுவோ பொட்டு வைத்ததுபோல் உருண்டையாய், விளிம்பு கலையாமல்... பக்கத்தில் கையைக் கொண்டுபோய் யாரோ வைத்த சொட்டு. அடுத்த வாரம் அவர் நாற்காலியிலிருந்து குனிந்து நிமிர்ந்து அந்தக் குப்பியைப் பைக்குள் போடுவதையும் பார்த்தேன். விளக்கு எண்ணெயாக இருக்கும். அதற்கப்புறம் நான் தட்டின் பக்கம் போகவில்லை, அவருடைய மானம் அதில் இருந்தது.

தொழில் கண் என்றால்... இருபத்திரண்டு வருடம் விளக்கு மேசைக்கு மேல் குனிந்திருந்தவள் நான், பக்கத்து விமானத்தளத்தில், ஜன்னல் இல்லாத கட்டடத்தில். ஹாபு மேலேயிருந்து எடுத்து வந்த பிலிம் சுருளை உருட்டி உருட்டி, பூதக்கண்ணாடியை வைத்து, நேற்று இல்லாதது இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. ஒரு கொட்டகையின் நிழல் நீண்டிருக்கிறதா, சேற்றில் புதிய சக்கரத் தடம் உண்டா, பனியில் ஒரு கூரை மட்டும் ஏன் உருகியிருக்கிறது, உள்ளே அடுப்பா இயந்திரமா... பார்த்ததை எழுதுவோம், பக்கத்தில் மூன்று சொல்லில் ஒன்றைப் போடுவோம், உறுதி, பெரும்பாலும், இருக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பது எங்கள் மேசைக்கு வராது. கண்டதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த விமானத்தை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, சத்தம் கேட்கும், கண்ணாடி டம்ளர் நடுங்கும், ஓய்வு பெற்று அருங்காட்சியகத்தில் தொண்டு வேலைக்கு வந்துதான் நேரில் பார்த்தேன், அதனடியில் உட்கார்ந்திருந்த டெல்மர், "ஓ, நீதான் அந்தப் பூதக்கண்ணாடிக் கும்பலா? நாங்க ராத்திரி பகலா துடைச்சு அனுப்பினா, நீங்க ஏசி ரூம்ல உக்காந்து படம் பாத்தீங்க" என்றார். அன்றிலிருந்து நான் பூதக்கண்ணாடி மேடம்.

வந்துவிட்டோம், மேலாளர் ட்ராவிஸின் கார் ஏற்கெனவே நிற்கிறது. போன மாதக் கூட்டத்தில் தீயணைப்பு அலுவலகத்து உத்தரவென்று அவன் சொன்னான், எரிபொருள் சொட்டுகிற விமானத்தைக் கூடத்துக்குள் வைக்கக் கூடாதாம், ஒரு சொட்டு இருந்தாலும் வெளியே வேலியோரம் தள்ள வேண்டுமாம். டெல்மர் மட்டும் அசரவில்லை. "தள்ளுங்க. புயல்லயே நின்னவ அவ. சொட்டாத ஹாபு ஹாபுவே இல்ல, பொம்மை. ஒரு கையெழுத்துக்காக அவ ஒழுகலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், நாற்காலிய எடுத்துக்கிட்டு நானும் வெளியே போறேன்." போவார். அதுதான் என் பயம். வேலியோரம் ஒரு மரம் கிடையாது, சிமென்ட் தரை, இந்தப் பள்ளத்தாக்கின் வெயில் ஆகஸ்ட்டில் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும், போன ஜூலையில் காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மயங்கி விழுந்தவர், இனி ஒருமுறை அப்படி ஆனால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னிடமே சொன்னார், அவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள டகோட்டாவில் ஒரு தங்கை மட்டும்தான். பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கூடாரம் போடலாம் என்றேன், "நான் என்ன சர்க்கஸா" என்றார். குப்பியைப் பற்றிக் கேட்கலாம்தான்... கேட்டால் அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்காருவார், பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பார்? வேண்டாம். அவர் பொய்யாகச் சொட்டு வைக்கிறார், நான் வைக்கவிடாமல் செய்யப் போகிறேன், அவ்வளவுதான், இதில் யாரையும் ஏமாற்றவில்லை, காய்ந்த தட்டுதான் உண்மை, நான் உண்மையைத்தான் காவல் காக்கிறேன்.

தட்டை நானே துடைத்தேன், வெள்ளைத் துணியால், கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன் என்றுகூடச் சொல்லலாம், நேற்றைய சொட்டைப் பார்க்க மனமில்லை. நாற்காலியைத் தட்டிலிருந்து தள்ளி மூக்குச் சக்கரத்தருகே போட்டேன். "அங்க ஏன் போடறே?" "இங்க காத்து வருது." "எனக்குக் காத்து வேணும்னு யார் கேட்டா?" உட்கார்ந்தார், நான் பக்கத்திலேயே நின்றேன், அவர் தோளில் கைவைக்கிற தூரத்தில். அவர் கை பைக்குப் போகிறபோதெல்லாம் நானும் அரை அடி முன்னால் நகர்ந்தேன், கைக்குட்டை எடுத்தார், மிட்டாய் எடுத்தார், எனக்கும் ஒன்று நீட்டினார். "ஏன் என் பையையே பாக்கறே? பொண்டாட்டிகூட இப்படிப் பாத்ததில்ல." மேலே அந்தக் கறுப்பு வயிறு, பகல் வெளிச்சம் பட்டும் வெளிச்சத்தைத் திருப்பித் தராத கறுப்பு, உலகத்தில் பாதியைப் படம் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது... உனக்கு என்னைத் தெரியாது, நீ கொண்டுவந்ததையெல்லாம் பார்த்தவள் நான்.

பின்வாசல் திறந்தது, ட்ராவிஸின் குரல், கூடவே அந்தப் பெண், ஒச்சோவா, நாற்பது வயதிருக்கும், கையில் டார்ச், பூட்ஸ் சத்தம். வால்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே வருகிறார்கள். வரட்டும், டெல்மர் இதோ இருக்கிறார், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தேன். சொட்டு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன், சொட்டுதான், நான் துடைத்த தட்டில், இவர் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, என் கண்ணைவிட்டு... கால் தானாக நடந்தது, குனிந்தேன். நடுவில் பெரிதாக ஒன்று, சுற்றிலும் பொடிப்பொடியாய், ஊசி முனைபோல், கிரீடம்போல். தெறித்திருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது. நேற்று இல்லாதது இன்றைக்கு என்ன இருக்கிறது... பூட்ஸ் சத்தம் பெரிய சக்கரத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தது, டார்ச் வெளிச்சம் தரையில் எங்கோ, இன்னும் கொஞ்சம்தான், யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் இல்லை, ஸ்வெட்டர் கையை இழுத்து உள்ளங்கையோடு சேர்த்து ஒரே தேய்ப்பு. நிமிர்ந்தேன். டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் அந்தத் தட்டா?" ஒச்சோவா மண்டியிட்டாள், வெளிச்சம் தட்டில் வட்டமாய் ஓடியது. "துடைச்சீங்களா?" "தினமும் காலையில துடைச்சிடுவோம்" என்றேன், உண்மை, ஒவ்வொரு சொல்லும் உண்மை, சேர்த்துப் பார்த்தால்தான்... அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பிறகு நான் பயந்துகொண்டிருந்ததைச் செய்தாள், டெல்மர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க இதுல வேலை பார்த்தவராமே. நீங்களே சொல்லுங்க, ஒழுகுதா?" ஐயோ. ட்ராவிஸ் கூரையைப் பார்த்தான். டெல்மர் ஒச்சோவாவைப் பார்க்கவில்லை, என் ஸ்வெட்டர் கையைப் பார்த்தார், மடித்துப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார், அந்த முகத்தை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை, எந்தச் சொல்லைப் போடுவதென்று தெரியாத முகம். "ஒழுகினவதான், எங்க ரெண்டு பேருக்கும் வாலிப வயசுல" என்றார் மெதுவாக. "இப்ப நான்தான் ஒழுகறேன். என்னை வேணா வேலியோரமா தள்ளிடும்மா." ஒச்சோவா வாய்விட்டுச் சிரித்தாள், ட்ராவிஸ் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தான், கையெழுத்தும் ஆகிவிட்டது, பூட்ஸ் சத்தம் வாசலுக்குப் போனது.

நான் தரையிலேயே உட்கார்ந்தேன். டெல்மர் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து என் மடியில் போட்டார். "இதைத்தானே காலையிலேருந்து முறைச்சுக்கிட்டிருந்தே, பூதக்கண்ணாடி மேடம்? திறந்து பாரு." திறந்தேன். காலி, எண்ணெய் வாசனைகூட மங்கிப்போயிருந்தது. "சொட்டு வைக்கறத ஈஸ்டரோட நிறுத்திட்டேன். அவளே ஆரம்பிச்சுட்டா. எங்கயோ ஒரு மூலையில மிச்சம் இருந்திருக்கு, எங்கன்னு எனக்கே தெரியல." "ஏன் எங்கிட்ட சொல்லல?" "சொன்னா நீ எழுதிக் குடுத்துடுவே, கண்டதை எழுதற ஆளுதானே நீ. அவ ஒழுகறான்னு கூட்டத்துல சொன்னேனே, அதுக்கு மேல என்ன சொல்றது? அன்னிக்கு ஒருத்தனும் நம்பல, கிழவன் கதை விடறான்னு நெனச்சீங்க." ஆமாம், நினைத்தேன். குளிர்காலத்தில் ஒருமுறை குனிந்து பார்த்தேன், தெரிந்துகொண்டேன், தெரிந்துவிட்டது என்பதால் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை, எங்கள் மேசையில் ஒருத்தி அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே எழுப்பி அனுப்பியிருப்போம். ஸ்வெட்டர் கையை மூக்கருகே கொண்டுபோனேன், லேசாக, மண்ணெண்ணெய்போலவும் இல்லாமல்... இருபத்திரண்டு வருடம் இவள் கொண்டுவந்த படங்களைப் பார்த்தேன், வாசனை இப்போதுதான்.

"தீக்குச்சியப் போட்டாலும் பத்திக்காத எண்ணெய் அது" என்றார், நான் கேட்காமலே. அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும். பிள்ளைகளின் பஸ் வாசலில் வந்து நிற்கிறது, கத்தல் கேட்கிறது. அதற்கு அப்பால் ஒச்சோவாவின் வண்டி இன்னும் கிளம்பவில்லை, கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது, உள்ளே குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், ஓடினால் பிடித்துவிடலாம். வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருக்கிறது. நான் நகரவில்லை, தட்டுக்கு முன்னால் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கறுப்பு வயிற்றில் எந்தத் தகட்டின் எந்த ஓரம் என்று தேடினேன், இந்த முறை கண்ணை எடுக்கப் போவதில்லை. "வரும், அவசரப்படாதே" என்று டெல்மர் நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். வரட்டும். வந்தால் எழுந்து ஒச்சோவாவிடம் ஓடுவேனா, மறுபடியும் ஸ்வெட்டர் கையை இழுப்பேனா... அதோ, தகட்டின் ஓரத்தில் ஏதோ ஒன்று மெல்லக் கனத்துக்கொண்டிருக்கிறது, நானோ எழுதி வைக்க மூன்று சொல்லில் ஒன்றைத் தேடாமல், அந்த வண்டி கிளம்புகிற சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.