விஞ்ஞானியின் கால்கள்

“என்னங்க, உங்க பழைய கறுப்பு ஷூவ எடுத்துக்கறேன். என்கிட்ட இருக்கறது ஒல்லி ஆளுக்குத்தான் சரியா வருது.”

“ஒரு மாசமா நடக்கற, இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“இடைவேளைக்கப்புறம் அந்த ஆளு குண்டாயிட்டாருங்க. ஷூட்டிங் நடுவுல நல்லா சாப்பிட்டிருக்காரு.”

ஷூவின் முனையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மகளின் சட்டையிலிருந்து விழுந்த பொத்தானைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

சினிமாவுக்குக் காலடிச் சத்தம் போடுவது என் மனைவியின் வேலை. படப்பிடிப்பில் சரியாகப் பதியாத நடையையெல்லாம், பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்தபடி மரப்பலகையிலும் மணல் தட்டிலும் நடந்து கொடுப்பாள். அந்த மாதம் வந்தது ஒரு கிறுக்கு விஞ்ஞானியின் கதை; குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிற படம். மழை வந்தால் துணியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் கொடி ஒன்றை அவர் கண்டுபிடிப்பார். அது துணியோடு மாமியாரையும் சேர்த்து இழுத்து வந்துவிடும். தொந்தி பெருத்த அந்த மனிதருக்குக் கால்கள், நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள என் மனைவி. “அவர் யோசிச்சா குதிகால் முதல்ல விழும், ஐடியா வந்துட்டா முன்பாதம்” என்று சமையலறையில் நடந்து காட்டுவாள். மற்றபடி வீட்டில் அவள் நடப்பது கேட்கவே கேட்காது. திரும்பினால் பின்னால் நிற்பாள். “உன் கழுத்துல மணி கட்டிவிடப் போறேன் பாரு” என்பேன்.

ஷூவை எடுத்துப் போன அன்று மூன்று மணிக்கு, நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவளுக்கு மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போனவர்களின் காலடி வீட்டில் கேட்பதுபோலவே இருக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கதவைச் சாத்துவது, தொண்டையைச் செருமுவது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. நடை மட்டும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒலிப்பதிவாளர் அழைத்தார். படத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வேறொருவர் நடக்க வேண்டியிருந்தது. நடை ஒட்டாமல் போய்விடும் என்று, முழுப் படத்துக்கும் அவரையே நடக்கச் சொல்லிவிட்டாராம் தயாரிப்பாளர்.

“அழிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேட்டுடணும்னு தோணிச்சு சார்.”

போனேன். ஹெட்போனில் வசனமும் இல்லை, இசையும் இல்லை. ஒரு மணி நேரம் அவள் நடந்தாள். படியேறினாள், ஓடினாள், தயங்கினாள். கடைசியாகப் பதிந்த காட்சியில், திரையில் விஞ்ஞானி கதவருகே வந்து நின்றார். அவர் நின்ற பிறகு ஓர் அடி விழுந்தது.

“இது என்ன?”

“அக்கா தப்பே பண்ண மாட்டாங்க சார். இந்த அடி விழுந்ததும் தலை சுத்துதுன்னு உட்கார்ந்துட்டாங்க. பரவால்லக்கா, நாளைக்குத் திருத்திக்கலாம்னு சொன்னேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவ நடந்ததை அப்படியே வெச்சுக்க முடியாதா?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “தயாரிப்பாளர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா இந்த ஒரு அடிய மட்டும் எடுத்துடறேன். தப்புன்னு பளிச்சுன்னு தெரியும்.”

“அதையும் விட்டுடுங்க.”

“அக்கா இருந்தா என்னைக் கொன்னுடுவாங்க சார்.”

“என்னையும்தான்.”

ஒரு காட்சிக்காக முப்பது தடவை நடந்தவள் அவள். தன் ஒரே பிழையை ஊரே கேட்கும்படி விட்டதற்காக என்னை மன்னித்திருக்கவே மாட்டாள். தெரிந்துதான் கேட்டேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஏழு வருடமாகிவிட்டது. விடுமுறை நாட்களில் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். மாமியார் கொடியில் தொங்கிக்கொண்டு வரும்போது மகள் தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிறாள். விளம்பரங்கள் முடிகின்றன. விஞ்ஞானி கதவருகே வருகிறார். கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார்.

அப்போது ஓர் அடி விழுகிறது.