ஒரு சாவி போதும் என்றவர்

நெல்லையப்பன் பேரமே பேசவில்லை. மாதம் ஆறாயிரம் என்று ஜோதி சொன்னதும் பையிலிருந்து ஒரு பணக்கட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் வைத்தார்.

"ஒரு வருச வாடகை மொத்தமா இருக்கு. எண்ணிக்கோங்கக்கா. அதுவரைக்கும் நீங்க இந்தக் கதவத் தட்டவே வேண்டாம்."

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புகிறவர் அவர். ஜோதியின் லைனில் இருந்த நான்கு வீடுகளில் கடைசி வீட்டைத் தன் ஆட்களுக்குக் கேட்டார். நாலு பேர் என்றார்.

ஜோதியின் கணவன் தாண்டவராயன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போர்வெல்லை இன்னும் நூறடி இறக்காவிட்டால் சித்திரை தாங்காது, அறுபதாயிரம் ஆகும் என்று போன வாரம்தான் போர்க்காரர் சொல்லியிருந்தார். மற்ற மூன்று குடும்பங்களுக்கு இப்போதே காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர்.

"இன்னாடி யோசிக்கிற? வல்லக்கோட்டை முருகனே அனுப்பி வெச்ச மாதிரி கீது."

"முருகன் பைக்லயா வருவாரு? மயில சர்வீசுக்கு வுட்டுட்டாரா?"

நெல்லையப்பனும் சிரித்தார். ஜோதி உள்ளே போய்ச் சாவிக்கொத்தோடு வந்தாள்.

"ஆளுக்கு ஒண்ணா நாலு சாவி கீதுண்ணே."

"ஒண்ணு போதும்க்கா. பூட்டுததுக்கு வேலையே கெடையாது. எந்நேரமும் உள்ள ஆள் கெடக்கும்லா."

சொல்லிவிட்டு பைக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டார்.

ஜோதி சாவிகளை நீட்டவில்லை. ஒரே ஷிப்டில் நாலு பேர் வேலைக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டாத வீட்டில் மூன்று ஷிப்டும் படுத்திருக்கும். ஒருவன் எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் அதில் சாய்வான். பன்னிரண்டு பேர் குளிக்கிற தண்ணீர் எத்தனை அடி இறக்கினாலும் வராது. மாதாமாதம் பத்தாம் தேதி வாடகைக்குப் போய் நிற்கும்போதுதான் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு பத்தாம் தேதிகளைத்தான் இவர் விலைக்குக் கேட்கிறார்.

"அட்வான்ஸ் மட்டும் குடுங்கண்ணே. வாடகைய பத்தாந்தேதி பத்தாந்தேதி நானே வந்து வாங்கிக்கறேன். நாலு ஆளு, நாலு சாவி."

நெல்லையப்பன் கட்டைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"மாத்தூர்ல எடம் கெடக்குக்கா."

பைக் சத்தம் தேய்ந்தது. "போச்சா போரு?" என்றான் தாண்டவராயன்.

ஜோதி 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டையை மறுபடி கேட்டில் மாட்டிவிட்டு மோட்டாரைப் போட்டாள். குழாயில் கொஞ்ச நேரம் காற்றுதான் வந்தது. பிறகு மெலிதாகத் தண்ணீர் விழத் தொடங்கியதும் மூன்று வீட்டுக் குடங்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன.